மாடியக்கா கால் நீட்டிய ஒன்பது வாரம்

மாடியக்கா குடியிருப்பது தரைத்தளத்தில். மாடி என்கிற பட்டம் வேலையால் வந்தது. கட்டடம் எழும்புகிற இடத்தில் எல்லோர் தலைக்கும் மேலே நிற்கிற கிரேனின் கேபினுக்குள் உட்கார்ந்து, கம்பிக்கட்டையும் கான்கிரீட் வாளியையும் தூக்கி வைப்பவள் அவள். பத்தொன்பது வருடமாக அதே தொழில். "மாடியில இருக்கிற அக்காகிட்ட சொல்லு" என்று யாரோ ஒருநாள் வாக்கிடாக்கியில் சொல்லப்போக, மாடியக்கா என்றே நிலைத்துவிட்டது. சம்பளப் பட்டியலில் இருக்கிற பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

கேபினுக்குப் போக லிஃப்ட் கிடையாது. இரும்பு ஏணிதான், இருநூற்றுப் பன்னிரண்டு படி. நடுநடுவே நின்று மூச்சு வாங்குவதற்கென்று இரும்புத் தட்டுகள் வைத்திருப்பார்கள். மாடியக்கா எந்தத் தட்டிலும் நின்றவள் இல்லை. ஐம்பத்திரண்டு வயதிலும் ஒரே மூச்சில் ஏறி, கேபின் கதவைத் திறந்து, "வந்தாச்சு" என்று வாக்கிடாக்கியில் சொல்லுவாள். அவள் வயதில் பாதி இருக்கிறவர்கள் இரண்டாவது தட்டிலேயே நாக்குத் தள்ளிக்கொண்டு நிற்பார்கள். இதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவள் அந்தக் கேபினுக்கு வந்து சேர்ந்த பாதையும் ஏணி மாதிரி செங்குத்துதான். முதலில் காய்கிற சிமெண்டுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை. அப்புறம் கீழே நின்று கிரேனுக்குக் கைகாட்டும் வேலை. கைகாட்டிக்கொண்டே, மேலே இருக்கிற ஆள் எப்போது எந்தப் பக்கம் திருப்புகிறான் என்று மனப்பாடம் பண்ணிவிட்டாள். லைசென்ஸ் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டாள். மூன்றாவது தடவை பரீட்சை அதிகாரி, "உங்களுக்கு இந்த வேலை எதுக்கும்மா?" என்று கேட்டபோது, "கீழ நின்னு கழுத்து வலிக்குது சார்" என்றாள். தேறிவிட்டாள்.

வீட்டுக்காரர் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். நல்ல மனுஷன். ஆனால் முக்காலியில் ஏறினாலே அவருக்குத் தலை சுற்றும். வீட்டில் பல்பு மாற்றுவது மாடியக்காதான். முக்காலியைப் பிடித்துக்கொள்வது அவர். கூடவே இருப்பது அவருடைய அக்கா. ஒரு பெரிய ஹோட்டலின் துணி துவைக்கும் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். மாடியக்காவுக்கு அண்ணி. உலகத்தில் எந்த வியாதிக்கும் அண்ணியிடம் பதில் உண்டு, கேட்காமலே கிடைக்கும்.

இடது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில், முன்பக்க எலும்பின் மேலே, சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு சிவப்புத் திட்டு வந்தது. ஏணியில் இடித்துக்கொண்டதாக்கும் என்று ஒன்றரை வருடம் விட்டுவிட்டாள். கம்பெனியின் வருடாந்திரப் பரிசோதனையில் இந்தத் தடவைதான் அதைப் பார்த்துத் தோல் டாக்டரிடம் அனுப்பினார்கள். துளி சதை எடுத்துப் பார்த்த அந்த அம்மாள் நேராகவே சொன்னார்:

"புற்றுநோய்தான். ஆனா ஆளைச் சாய்க்கிற ரகம் இல்லம்மா. இருந்த இடத்துலயே மெதுவா தின்னுக்கிட்டு இருக்கும். வெட்டி எடுத்துட்டா கதை முடிஞ்சுது."

வீட்டுக்காரருக்கு முதல் வார்த்தைக்குப் பிறகு எதுவும் காதில் விழவில்லை. அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். மாடியக்கா கேட்ட முதல் கேள்வி, "நான் எப்போ ஏணி ஏறலாம்?" என்பதுதான்.

கேள்விக்குக் காரணம் இருந்தது. சைட்டில் முதல் கட்டடம் முடியப் போகிறது. பக்கத்தில் இரண்டாவதற்குப் புதுக் கிரேன் நிறுத்துகிறார்கள். ஏழு வாரத்தில் அது தயார். அதில் யார் உட்காருவது என்பதை அன்றைக்கே முடிவு செய்தாக வேண்டும் என்று சைட் மேனேஜர் சொல்லிவிட்டார். புண் முழுசாக மூடியது என்ற சர்டிபிகேட்டோடு வந்தால் மாடியக்கா. இல்லையென்றால் ஏஜென்சி ஆள். அவளுக்கு ஸ்டோர் ரூமில் ஆணி எண்ணுகிற வேலை. இந்த வயதில் ஒரு தரம் கீழே இறக்கிவிட்டால் மறுபடி யாரும் மேலே அனுப்ப மாட்டார்கள் என்பது மாடியக்காவுக்கு நன்றாகத் தெரியும்.

டாக்டர் விளக்கினார். வெட்டிய இடம் சோடா மூடி அகலம் இருக்கும். அதைத் தைத்து மூடலாம், இரண்டு வாரத்தில் தையல் பிரித்துவிடலாம். தைக்காமல் கட்டுப் போட்டு வைத்தால் அடியிலிருந்து தானாகச் சதை வளர்ந்து மூடும். அதற்கு இரண்டு மாதமும் ஆகலாம், கூடவும் ஆகலாம்.

"எது நல்லது டாக்டர்?"

"வேற இடமா இருந்தா தைச்சுடுங்கன்னு யோசிக்காம சொல்லுவேன். கால்ல, அதுவும் இந்த எலும்பு மேல, தோல் இறுக்கமா இருக்கும். தைச்சாலும் சில பேருக்குப் பிரிஞ்சுடும், சீழ் பிடிக்கும். அதனால சில டாக்டருங்க தைக்காமலே விடுவாங்க, சில பேர் தைப்பாங்க. இதுதான் சரின்னு அடிச்சுச் சொல்ல எங்ககிட்டயே பதில் இல்ல. உங்க இஷ்டம்தான்."

டாக்டரே தெரியாது என்று சொன்னதில், கூட வந்திருந்த அண்ணிக்குக் கடுப்பு. மாடியக்காவுக்கு அந்த அம்மாளைப் பிடித்துவிட்டது. ஆனாலும் யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு பக்கம் இரண்டு வாரம், மறுபக்கம் இரண்டு மாதம். கையில் இருப்பதோ ஏழு வாரம்.

"தைச்சுடுங்க" என்றாள்.

மரத்துப்போக ஊசி போட்டு, முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. காலைத் தூக்கி வைத்திருக்கணும், நாலு வாரம் ஏணிப் பக்கமே போகக்கூடாது என்று எழுதியும் கொடுத்தார்கள். மாடியக்கா அந்தச் சீட்டை மடித்துப் பத்திரமாக வைத்தாள். பத்திரமாக வைத்ததோடு சரி.

ஒன்பதாவது நாள் மேனேஜர் போன் பண்ணினார். மாற்று ஆபரேட்டருக்குக் காய்ச்சல், மாடியில் ஏற்ற வேண்டிய கண்ணாடிச் சட்டம் லாரியில் காத்துக்கொண்டிருக்கிறது. "உங்களை வரச் சொல்லலைக்கா, சும்மா விஷயத்தைச் சொன்னேன்" என்றார். இப்படிச் சும்மா சொல்லுவதில் அவர் கெட்டிக்காரர். மாடியக்கா கிளம்பிவிட்டாள்.

"நாலு வாரம் ஏறக் கூடாதுன்னாங்களே" என்று வீட்டுக்காரர் வாசலை மறித்தார்.

"ஏறுறது பத்து நிமிஷம்ங்க. அப்புறம் நாள் பூரா உக்காந்துதானே இருக்கப் போறேன். இதைவிட ரெஸ்ட் வேற எங்க கிடைக்கும்?"

கிரேன்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்புக் கணக்கு இது. அவர்களுக்கு உட்கார்ந்த வேலையென்றால் ஓய்வு. கேபினில் உட்கார்ந்தால் கால் கீழேதான் தொங்கும், தொங்குகிற காலில் நீர் இறங்கும், வீங்குகிற காலில் தையல் இழுக்கும் என்பதை அவள் யோசிக்கவே இல்லை. அன்றைக்கும் ஒரே மூச்சில்தான் ஏறினாள். ஐந்து மணி நேரம் கண்ணாடிச் சட்டங்களை ஒரு கீறல் இல்லாமல் இறக்கிவைத்தாள். இறங்கி வந்து பார்த்தால், காலுறை பிசுபிசுவென்று ஈரம்.

மறுநாள் டாக்டர் கட்டைப் பிரித்தார். தையல் நூல் அறுந்திருக்கவில்லை. தோலை அறுத்துக்கொண்டு வந்திருந்தது. புண் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"மறுபடி தைச்சுடலாம்ல?" என்று கேட்ட குரல் தன்னுடையதா என்றே மாடியக்காவுக்குச் சந்தேகம் வந்தது. அவ்வளவு சின்னதாக இருந்தது.

டாக்டர் திட்டவில்லை. அவள் முன்கையில் தோலைக் கிள்ளித் தூக்கிக் காட்டினார், வந்தது. முழங்காலுக்குக் கீழே கிள்ளினார், விரலுக்கு அகப்படவில்லை.

"தோலே மிச்சமில்லாத இடம்மா. இழுத்துப் பிடிச்சுத்தான் தைச்சேன். இப்போ ஓரமெல்லாம் வீங்கி நொந்து போயிருக்கு. மறுபடி இழுத்தா மறுபடி அறுக்கும்."

மாடியக்காவுக்கு இது புரிந்தது. பாரத்தைத் தூக்குகிற கயிறு நெட்டுக்குத்தாக நின்றால் சுமை குறைவு. படுக்கைவாட்டில் இழுபட்டால் அதே பாரம் இரட்டிப்பாகும். அப்படி இழுத்துக் கட்டியதை ஆட்டக் கூடாது என்று கீழே இருப்பவர்களிடம் தொண்டை கிழியக் கத்துபவள் அவள். இங்கே தானே போய் ஆட்டிவிட்டு வந்திருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சரி, விட்டுடுங்க. தானா மூடட்டும். நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாம இருக்கணும்."

அதுதான் அவளால் முடியாதது.

கட்டு மாற்றுகிற நர்ஸ் அவளுக்கு மேல் பிடிவாதக்காரி. முப்பது வயதுதான் இருக்கும், பேச்சு மட்டும் பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸ். காலில் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்த்த பிறகு, புண்ணில் களிம்பு, அதன் மேல் ஒட்டாத துணி, அதன் மேல் விரலடியிலிருந்து முழங்கால்வரை இறுக்கமான பட்டை. வாரம் இரண்டு நாள் வரவேண்டும். மற்ற நேரமெல்லாம் கால் நெஞ்சைவிட உயரத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்குள் நடக்கலாம், நிற்கக் கூடாது. தொங்கப்போடவே கூடாது.

"எத்தனை நாளைக்குள்ள மூடும்?"

"அதை உங்க கால்தான் சொல்லணும்."

"எனக்கு அஞ்சரை வாரம் இருக்கு."

"காலுக்கு அது தெரியாதேக்கா."

மாடியக்கா வீட்டுக்கு வந்து, இரண்டு தலையணையையும் அண்ணியின் பழைய போர்வையையும் அடுக்கி, மேலே காலைத் தூக்கி வைத்தாள். நர்ஸ் சொன்னபடி மணிக்கு ஒரு தடவை பாதத்தை முப்பது முறை முன்னும் பின்னும் ஆட்டினாள். வேலைக்குப் போகிற நேரத்துக்கே எழுந்து, வேலைக்குப் போகிற மாதிரியே தலை வாரி, வந்து படுப்பாள். மத்தியானம் சாப்பிட அரை மணி. முழுநேர வேலையாகவே எடுத்துக்கொண்டுவிட்டாள். வீட்டுக்காரர் பஸ்ஸை விட்டுவிட்டு வந்து சமைத்தார். உப்பு ஒருநாள் கூடும், ஒருநாள் மறந்தே போகும். அவள் வாயைத் திறக்கவில்லை. கல்யாணமாகி முதல் தடவையாக அவள் கீழேயும் அவர் மேலேயுமாக ஒரு பல்பு மாற்றப்பட்டதும் அந்த நாட்களில்தான். கண்ணை மூடிக்கொண்டே மாற்றினார்.

இரண்டாவது வாரத்தில் அண்ணி புகுந்தார். "தானா ஆறட்டும்னு டாக்டரே சொல்லியாச்சு. அப்புறம் எதுக்கு இத்தனை துணியைச் சுத்தி மூச்சு முட்ட வைக்கிறாங்க? காத்து பட்டாத்தான் காயும், காஞ்சாத்தான் ஆறும்" என்று முடிவு கட்டினார். மாடியக்கா கண்ணயர்ந்த நேரத்தில் பட்டையைப் பிரித்து, ஜன்னல் பக்கம் காலைத் திருப்பி, விசிறியையும் வைத்துவிட்டார். அவள் விழித்தபோது புண் மேல் காய்ந்த பொருக்கு கட்டியிருந்தது. "பாத்தியா, ஒரே மதியத்துல!" என்று அண்ணிக்குப் பெருமை. மாடியக்காவுக்கும் ஆசை வந்துவிட்டது என்பதுதான் உண்மை. இவ்வளவு சீக்கிரமா என்று மனசு துள்ளியது.

நர்ஸ் பார்த்ததும் உதட்டைக் கடித்தாள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அரை மணி நேரம் பொருக்கை நோகாமல் எடுத்தாள். நோகாமல் என்று அவள்தான் சொன்னாள். மாடியக்கா கட்டில் கம்பியைப் பிடித்த பிடியில் கை சிவந்தது.

"காஞ்சு போச்சுன்னா ஆறிப் போச்சுன்னு அர்த்தமில்லக்கா. புதுத் தோல் ஓரத்துல இருந்து ஊர்ந்து வரும். அதுக்கு ஈரம் வேணும். மேல காஞ்ச பொருக்கு கிடந்தா அது எங்க போகும்? தானா ஆறுறதுன்னா சும்மா விட்டுடுறது இல்ல. தைக்கிறதைவிட இதுக்குத்தான் பாடு ஜாஸ்தி."

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் மாடியக்கா சண்டை போடவில்லை. நர்ஸ் சொன்னதை வரி மாறாமல் சொன்னாள். அண்ணி, "ஹோட்டல்ல கறை காஞ்ச துணிதான் வெளுக்கவே வெளுக்காது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அன்றிலிருந்து கட்டுக்குக் காவல்காரராக மாறிவிட்டார். தண்ணீர் குடிக்க மாடியக்கா காலை இறக்கினால்கூட, "எங்க கிளம்பிட்டே?" என்ற குரல் வரும்.

ஒவ்வொரு வாரமும் நர்ஸ் கண்ணாடித்தாளைப் புண்மேல் வைத்து ஓரத்தைப் பேனாவால் வரைவாள். மாடியக்கா அதைக் கேட்டு வாங்கிவந்து படுக்கைக்கு எதிர்ச் சுவரில் வரிசையாக ஒட்டினாள். கட்டட வரைபடம் பார்த்துப் பழகிய கண். இந்த வாரம் மேல் ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர், கீழ் ஓரத்தில் ஒன்றுமில்லை என்று ஒரு பார்வையிலேயே சொல்லுவாள். மூன்றாம் வாரம் நடுவில் மஞ்சள் படர்ந்தது. வீட்டுக்காரர் சீழ் என்று பதறி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். சூடில்லை, நாற்றமில்லை, வலி கூடவில்லை, புண் ஆறும்போது வருவதுதான் என்றார்கள். நான்காம் வாரம் குழி நிரம்பியது, மாதுளை முத்து மாதிரி சிவப்பாக. அந்த வாரம் மட்டும் புண் ஒரு மில்லிமீட்டர்கூடச் சுருங்கவில்லை. மாடியக்கா அன்றைக்கு அழுதாள். போர்வையை முகத்தில் போட்டுக்கொண்டு, யாருக்கும் தெரியாது என்று நினைத்து அழுதாள். அழுது முடித்து, அந்த மணிக்கான முப்பது தடவைப் பாத அசைவையும் செய்து முடித்தாள்.

ஏழாவது வாரம் வந்தது. புதுக் கிரேன் நிமிர்ந்து நின்றது. புண் துவரம்பருப்பு அளவுக்கு வந்திருந்தது, ஆனால் இருந்தது. மாடியக்கா சைட் ஆபீசுக்குப் போய், கேட்காமலே இன்னொரு நாற்காலியை இழுத்துக் காலை அதன்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மூடலை சார். பருப்பளவு பாக்கி."

மேனேஜர் கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "பருப்புதானேக்கா! கட்டுக்குள்ள யாரு எட்டிப் பாக்கப் போறா? கம்பெனி டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன். இன்னைக்கே ஏறுங்க."

ஜன்னல் வழியே கிரேன் தெரிந்தது. புதுப் பெயிண்ட். தலையாட்டினால் போதும், அது அவளுடையது.

"காத்து வேகம் காட்டுற மீட்டர்ல ஒரு புள்ளி கூடிட்டாலும் நான் பாரம் தூக்க மாட்டேன். அதுக்காக நீங்க என்னை எத்தனை தடவை திட்டியிருக்கீங்க?"

"அது வேறக்கா."

"வேற இல்ல சார். போன தடவை நீங்க சும்மா சொன்னீங்க, நான் சும்மா ஏறினேன். அந்தப் புத்திக்குத்தான் ஆறு வாரமா படுத்துக் கிடக்கேன்."

"அப்போ அந்த ஏஜென்சி ஆளைப் போட்டுடுவேன். மாசாமாசம் ஒப்பந்தம். அவன் நல்லா ஓட்டினா நான் எதுக்கு மாத்தணும்?"

"போட்டுக்குங்க. மூடினதும் வரேன்."

வெளியே வந்து வீட்டுக்காரரின் காலி பஸ்ஸில் ஏறி, நீள இருக்கையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். "தப்புப் பண்ணிட்டேனாங்க?" என்று கேட்டாள். அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "எனக்குத் தெரியலை. ஆனா நீ இன்னைக்கு ஏறியிருந்தா, நான் இந்த பஸ்ஸைக் கிளப்பியிருக்க மாட்டேன். கீழயே நின்னிருப்பேன்" என்றார்.

இன்னும் மூன்று வாரமும் சில நாட்களும் பிடித்தன. பருப்பு கடுகாகி, கடுகு காணாமல் போன அன்று, நர்ஸ் வரைவதற்கு ஒன்றுமில்லாமல் கண்ணாடித்தாளை வெறுமனே நீட்டினாள். புதுத் தோல் ரோஜா நிறத்தில், வெங்காயச் சருகு போல மெலிசாகப் பளபளத்தது. டாக்டர் சர்டிபிகேட் எழுதினார். கூடவே அழுத்தக் காலுறை, ஏறும்போது இடையிடையே நின்று காலைத் தூக்கிவைத்து ஓய்வு, கேபினில் கால் வைக்க உயரமாக ஒரு பெட்டி என்று மூன்று நிபந்தனை. "தையல் பிரியாம இருந்திருந்தா எப்பவோ ஏறியிருப்பீங்க. ஆனா மூடினவரைக்கும் சுத்தமா மூடியிருக்கு" என்றார்.

மேனேஜர் சர்டிபிகேட்டை இரண்டு தரம் படித்தார். ஏஜென்சி ஆளின் மாத ஒப்பந்தம் அந்த வாரத்தோடு முடிகிறது. புதுப்பிக்கிற தாள் மேஜை மேலேயே கிடந்தது.

"அக்கா, மனசுல பட்டதைச் சொல்றேன். உங்க காலை நம்பி எனக்கு தைரியம் வரலை. நாளைக்குப் பாதி ஏணியில நின்னுட்டீங்கன்னா யாரு பதில் சொல்றது? ஸ்டோர்ல இருங்களேன்."

"இப்பவே ஏறிக் காட்டுறேன். பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

ஏஜென்சி ஆள் சாப்பாட்டுக்கு இறங்கியிருந்தான். புதுக் கிரேனின் ஏணியடியில் வேலையாட்கள் கூடிவிட்டார்கள். மாடியக்கா கையுறை மாட்டி, இடுப்புப் பட்டையை இறுக்கி, ஏறினாள். முதல் தட்டைத் தாண்டினாள். இரண்டாவதைத் தாண்டினாள். கீழே யாரோ விசிலடித்தார்கள். கால் வலிக்கவில்லை. மூச்சும் வாங்கவில்லை. இப்படியே போனால் ஒரே மூச்சில் போய்விடலாம் என்று உடம்பு சொன்னது. மேனேஜர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பதும் அவளுக்குத் தெரியும், அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்பதும் தெரியும்.

மூன்றாவது தட்டில் நின்றாள். உட்கார்ந்தாள். இடது காலைத் தூக்கிக் கைப்பிடிக் கம்பியின் மேல் நீட்டி வைத்துக்கொண்டு, சாவகாசமாகச் சாய்ந்தாள்.

விசில் நின்றுபோயிற்று. கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது. வாக்கிடாக்கி கரகரத்தது. "அக்கா, முடியலைன்னா இறங்கிடுங்க. ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டேன்."

"மேல போறதுக்குத்தான் சார் உக்காந்திருக்கேன்" என்றாள் மாடியக்கா. "அஞ்சு நிமிஷம் ஆகும். அதுக்குள்ள என்ன தூக்கணும்னு பாத்து வைங்க."